அரக்குப் பட்டு, மஞ்சள் கை

என் அன்புச் சாரதி,

மெட்ராஸிலிருந்து உன் இன்லண்ட் கடிதம் வந்தது. இங்கே நானும் அப்பாவும் சுகம். மழை வந்தால் அப்பாவுக்கு முழங்கால் கொஞ்சம் முணுமுணுக்கும். மற்றபடி அவர் உண்டு, அவர் தறி உண்டு என்று நிம்மதியாக இருக்கிறார். பெருமாள் கோயில் உற்சவத்துக்குப் பந்தல் போடுகிறோம் என்று தெருவெல்லாம் மூங்கிலைப் போட்டு வைத்திருக்கிறார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் இப்போது சைக்கிள்கூட நுழைய முடியாது. ஊர்ச் செய்தி இவ்வளவுதான். மீதி எல்லாம் உன்னைப் பற்றியும் சரோஜாவைப் பற்றியும்தான் எழுதப் போகிறேன். இன்லண்டில் அடங்காது என்று அப்பாவிடம் சொல்லி வெள்ளைத் தாள் வாங்கி வைத்துக்கொண்டேன். இதை ஆபீசில் வைத்து அவசரமாகப் படிக்காதே. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து படி.

குழந்தை பிறந்த பிறகு சரோஜா அடியோடு மாறிவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். எந்நேரமும் படுக்கையாம். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தாலும் அவளுக்குத் தெரியவில்லையாம். ஒன்று கேட்டால் பதில் வருவதற்குள் உனக்குப் பொறுமை போய்விடுகிறதாம், இரண்டாவது முறை கேட்டால் அழுகிறாளாம். தலைமுடி கொத்துக் கொத்தாக வீடு முழுக்கக் கிடக்கிறதாம். அதனால் கொஞ்ச நாளைக்கு அவளையும் குழந்தையையும் திருவள்ளூரில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிடலாம் என்றிருக்கிறாய். நானும் கூட வந்து பேசினால் மரியாதையாக இருக்கும் என்கிறாய். ஒளிக்காமல் சொல்கிறேன், படித்ததும் முதலில் எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. இப்படியா ஒருத்தி இருப்பாள் என்று நினைத்தேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தபோதுதான், இதே வார்த்தைகளை நான் எங்கே கேட்டேன் என்று ஞாபகம் வந்தது. என்னைப் பற்றித்தான் கேட்டேன், சாரதி. ஒன்றுகூட மாறவில்லை. அந்தக் 'கொஞ்ச நாள்' என்கிற சொல்கூட மாறவில்லை.

நீ அப்போது ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் படித்தாய். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது என்ற அளவில் உனக்கு ஞாபகம் இருக்கலாம். ஆனால் உடம்பு சரியில்லை என்று அப்போது யாரும் சொல்லவில்லை, நான்கூடச் சொல்லவில்லை. நமக்கு அன்றைக்கு இருந்தது ஒரே தறி. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்கிற கோர்வைப் புடவைதான் நம் வீட்டு வேலை. கரை நிறத்தையும் உடல் நிறத்தையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே போக வேண்டும் என்பதால் அதற்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் அப்பா ஊடை நூல் சுற்றிய நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து நான் கரை நாடாவைத் தள்ளுவேன். கல்யாணமான புதிதிலிருந்து அப்படித்தான். வாயால் சொல்லிக்கொள்ள மாட்டோம், அவர் கை போகிற வேகத்துக்கு என் கை போகும். தறிச் சத்தத்தைக் கேட்டே நாங்கள் சண்டையில் இருக்கிறோமா சமாதானமாக இருக்கிறோமா என்று எதிர்வீட்டில் சொல்லிவிடுவார்கள். அந்தக் கைதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்க ஆரம்பித்தது. அவர் ஓட்டிவிட்டுக் காத்திருப்பார். நான் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ யோசிக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பேன். நான் எதையும் யோசிக்கவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொன்றுக்கும் நம் தொழிலிலேயே ஒரு காரணம் தயாராக இருந்தது. குரல் கரகரத்து ஆண்பிள்ளைக் குரல் மாதிரி ஆயிற்று. பட்டுத் தூசி தொண்டையில் அடைத்திருக்கிறது என்றார்கள். முகமும் காலும் வீங்கின. நாள் முழுக்கத் தறிக் குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் நீர் கோத்துக்கொள்ளாதா என்றார்கள். தோல் வறண்டு சொரசொரப்பானது. சாயத்தில் போடுகிற காரம் பட்டால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அப்போது நம் வீட்டுப் பின்கட்டிலேயே பட்டுக்குச் சாயம் போடுவோம், பிழிந்து உலர்த்துகிற வேலை என்னுடையது. உள்ளங்கை இரண்டும் மஞ்சளாக மாறின. இதைப் பற்றி யாரும் ஒன்றுமே சொல்லவில்லை. சாயம் போடுகிற வீட்டில் ஒருத்தியின் கை மஞ்சளாக இருந்தால் அது ஒரு விஷயமா? போன மாதம் கை பச்சையாக இருந்தது, அதற்கு முந்தி நீலமாக இருந்தது. சித்திரை வெயிலில் எல்லோரும் விசிறியோடு உட்கார்ந்திருக்க, நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். அதற்குத்தான் தொழிலில் காரணம் கிடைக்கவில்லை. சோம்பேறித்தனம் என்றார்கள்.

உள்ளே இருந்து அது எப்படி இருந்தது என்று சொல்ல முயல்கிறேன், ஏனென்றால் சரோஜாவால் இப்போது அதை உனக்குச் சொல்ல முடியாது. வலி கிடையாது. வருத்தம் என்றும் சொல்ல முடியாது. நீ 'அம்மா, பசிக்குது' என்பாய். அது எனக்குக் கேட்கும். எழுந்திருக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் தெரிவதற்கும் எழுந்திருப்பதற்கும் நடுவில் ஈர மணலில் நடக்கிற மாதிரி ஒரு தூரம் இருக்கும். நான் எழுந்து தட்டைக் கழுவி எடுத்து வருவதற்குள் நீ தூங்கிப் போயிருப்பாய். பேச்சும் அப்படித்தான் இழுத்தது. நீ உன் கூட்டாளிகளைக் கூட்டி வைத்துக்கொண்டு என்னைப் போலவே இழுத்து இழுத்துப் பேசிக் காட்டுவாய். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், அவர்கள் சிரித்து முடித்த பிறகு. இதற்காக இப்போது வருத்தப்பட்டுக்கொண்டு உட்காராதே. நன்றாகவே நடித்தாய்.

உன் அத்தைதான் முதலில் சொன்னது. அப்பாவுடைய அக்கா, பக்கத்துத் தெரு, தினமும் வந்து போகிறவள். கெட்டவள் இல்லை, வாய்தான் கொஞ்சம் முன்னால் போகும். "இவ இன்னாடா, நடமாடற மூட்டையாட்டம் இருக்குறா. வேலையும் செய்றதில்ல, கேட்டா வாயும் தெறக்கிறதில்ல. கொஞ்ச நாளு அவங்க ஆத்தா வூட்ல வுட்டு வைப்பா. அங்க போனா புத்தி வரும்" என்றாள். அப்பா முதலில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்போது ஒரு முகூர்த்தப் புடவை தறியில் இருந்தது, அரக்கு உடலும் பச்சைக் கரையுமாக. என் கை ஓடாததால் அது சொன்ன தேதிக்கு முடியவில்லை. கோர்வை சேருகிற இடத்தில் ஓட்டை விழுந்து, நெய்ததைப் பிரித்து மறுபடி நெய்ய வேண்டியிருந்தது. அன்றைக்கு அவர் அக்காவிடம் சரி என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊர் வந்தவாசிப் பக்கம் என்பது உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை போகட்டும் என்று முடிவாயிற்று. அத்தையே என் டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. சரி, போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றிற்று. கொஞ்ச நாள் என்று போன எத்தனையோ பேர் திரும்பி வரவே இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பயம் வரவில்லை. இன்றைக்கு நினைத்தால்தான் அந்தப் பயம் வருகிறது.

அந்தப் புடவையைச் சொல்லி வைத்திருந்தது நம் ஊர் லேடி டாக்டர், தன் தங்கை கல்யாணத்துக்காக. வியாழக்கிழமை சாயங்காலம், புடவை இன்னும் வரவில்லையே என்று சண்டை போடுவதற்காகவே அந்த அம்மா வீட்டுக்கு வந்தார். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அத்தை முந்திக்கொண்டு என்னைக் காட்டி, இவளால்தான் தாமதம், நாளைக்கு ஊருக்கு அனுப்பிவிடுகிறோம், அதன் பிறகு வேறு ஆளை வைத்து முடித்துவிடுவோம் என்று சொன்னாள். நான் டாக்டரம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன். சொம்பை வாங்கியவர் குடிக்காமல் என் கையைப் பார்த்தார்.

"கையில என்னம்மா, மஞ்சளா?"

எனக்குப் பதில் வருவதற்குள் அத்தை சொன்னாள். "சாயம்மா. சாயம் போடற கை, இப்டித்தான் இருக்கும்."

"இப்ப என்ன கலர் போட்டீங்க?"

"அரக்குதான். தறியில பாருங்க, அரக்குதான் ஓடுது" என்றார் அப்பா.

"மஞ்சள் எப்ப போட்டீங்க?"

அப்பா யோசித்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். "பொங்கலுக்கு முன்னாடி போட்டதுமா. அதுக்கப்புறம் மஞ்சளே போடல."

"மஞ்சள் பூசிக் குளிக்கிறியா?" என்று என்னைக் கேட்டார் டாக்டரம்மா. இல்லை, தோல் எரிகிறது என்று பூசுவதை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது என்றேன். இவ்வளவு சொல்லி முடிக்கும் வரை அவர் அவசரப்படுத்தவே இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை இழுத்துப் பார்த்தார். "காமாலையா இருந்தா கண்ணும் மஞ்சளா இருக்கணும். கண்ணு வெள்ளையா இருக்குதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் புருவத்தின் ஓரத்தைத் தடவினார், அங்கே முடியே இல்லை. கழுத்தைத் தொட்டுப் பார்த்து எச்சில் விழுங்கச் சொன்னார். கடைசியில் அப்பாவைப் பார்த்து, "நாளைக்கு எங்கேயும் அனுப்ப வேணாம். காலைல என்கிட்ட கூட்டிக்கிட்டு வாங்க" என்றார். புடவையைப் பற்றிப் பேசாமலேயே போய்விட்டார்.

நூல் கண்டைத் தூக்கி வெயிலில் காட்டினால் எந்த வண்ணத்தில் எந்த வண்ணம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற மனுஷன் உன் அப்பா. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அரக்கு நெய்கிறவளின் கை மாதக் கணக்கில் மஞ்சளாக இருந்திருக்கிறது. அவர் கண்ணில் அது படவில்லை. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. இந்தப் பத்தியை எழுதும்போது பின்னால் நின்று படித்துவிட்டு, "அதெல்லாம் எதுக்கு அவனுக்கு எழுதற" என்கிறார். எழுதத்தான் வேண்டும் என்று சொல்லி அவரைக் காப்பி போட அனுப்பியிருக்கிறேன்.

மறுநாள் டாக்டரம்மா என்னை நாற்காலியில் மண்டி போடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே சின்ன ரப்பர் சுத்தியால் தட்டினார். எல்லோருக்கும் கால் வெடுக்கென்று உதறி உடனே திரும்பி வருமாம். என் கால் உதறியது, பிறகு ஏதோ யோசனையில் இருப்பது போல மெதுவாகத் திரும்பி வந்தது. எனக்கே சிரிப்பு வந்தது. ரத்தம் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார். பதில் வருவதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கழுத்தில், குரல்வளைக்கு முன்னால், தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். அது ஒரு சாற்றைச் சுரந்து நேராக ரத்தத்தில் விடுகிறதாம். அதற்குப் பெயர் ஹார்மோன். உடம்பில் எல்லா வேலையும் எந்த வேகத்தில் நடக்க வேண்டும் என்று சொல்வது அதுதான். இதயம் அடிப்பது, சோறு செரிப்பது, உடம்பு சூடாக இருப்பது, முடி வளர்வது, மூளை யோசிப்பது எல்லாவற்றுக்கும் அதன் உத்தரவு வேண்டும். எனக்கு அது வற்றிப் போயிருந்தது. கேரட், பூசணி, கீரையில் இருக்கிற மஞ்சளைக்கூட உடம்பு மெதுவாகத்தான் செரித்ததாம், அதுதான் உள்ளங்கையில் தங்கிவிட்டதாம். அப்பா தறிக்காரர் இல்லையா, அவருக்கு ஒரு சந்தேகம். "கழுத்துல இருக்கிறது காலுக்கு எப்டிமா சொல்லும்? நடுவுல நூலு எதுனா போவுதா?" என்று கேட்டார். "நூல் எல்லாம் கிடையாது. ரத்தத்தில கலந்து எல்லா எடத்துக்கும் போகும். யாருக்குச் சொல்ல வேண்டியதோ அவங்களுக்கு மட்டும் புரியும்" என்றார் டாக்டரம்மா. அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மருந்து விஷயத்தில்தான் சிக்கல் வந்தது. எழுதிக் கொடுத்த மாத்திரை எதில் செய்தது என்று அப்பா கேட்டுவிட்டார். டாக்டரம்மா மறைக்கவில்லை. ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் கழுத்துச் சுரப்பியைக் காயவைத்துப் பொடித்துச் செய்வது, கடையில் வருகிற சீசாவில் இருப்பது எதுவென்று எனக்கே தெரியாது என்றார். முட்டை ஓடுகூடப் படியேறாத வீடு நம்முடையது. அத்தைக்கு விஷயம் போயிற்று. வாசலிலேயே நின்றுகொண்டு, "அந்தக் கழுத்து மாமிசத்த முழுங்கிட்டு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு பெருமாள சேவிப்ப?" என்று கேட்டாள். எனக்கு இருந்த நிலையில் எது சரி என்று பார்க்கும் தெம்பு இல்லை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். மருந்துக் கடை பாயிடம் சீட்டை நீட்டி, இதில் இருப்பது என்ன பிராணி என்று உங்களுக்காவது தெரியுமா என்று கேட்டிருக்கிறார். பாய் சீசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்க ஆடு மாடுன்னு யோசிக்கிறீங்க. எனக்கு மூணாவதா ஒண்ணு இருக்குதே, அது கவலை. ஆனா தங்கச்சி பொழைக்கணும். மருந்துன்னு வந்தா ஆண்டவன் கணக்கு வேற. குடுங்க, கட்டித் தரேன்" என்றாராம். வீட்டுக்கு வந்து அப்பா தானே தண்ணீர் மோந்து கொடுத்தார். "நீ முழுங்கு. பெருமாள்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். என்ன பேசினார் என்று இன்று வரை சொல்லவில்லை. இப்போது வருகிற மாத்திரை பிராணியில் எடுப்பது இல்லையாம், தொழிற்சாலையிலேயே செய்துவிடுகிறார்களாம். தான் பெருமாளிடம் பேசியதால்தான் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மாத்திரை ஒரே நாளில் ஒன்றும் செய்துவிடவில்லை. டாக்டரம்மா துளித்துளியாக ஆரம்பித்து மெல்ல மெல்லத்தான் கூட்டினார். திடீரென்று நிறையக் கொடுத்தால் இதயம் தாங்காது என்றார். ஒரு மத்தியானம் சமையலறையில் இருந்தபோது முதுகில் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தால் வேர்வை. எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்கு வேர்த்திருந்தது. அடுப்பை விட்டுவிட்டு வந்து அப்பாவிடம் முதுகைக் காட்டினேன். அப்புறம் குரல் தெளிந்தது, வீக்கம் வடிந்தது, உள்ளங்கை தன் நிறத்துக்கு வந்தது. ஒரு நாள் அத்தை வழக்கம்போல ஏதோ சொல்ல, நான் திரும்பி நின்று, "உங்க வூட்டு வேலைய முடிச்சிட்டுத்தான் வந்தீங்களா அண்ணி?" என்று கேட்டுவிட்டேன். அத்தை வாயைப் பிளந்தாள். தறியில் இருந்த அப்பா குழிக்குள் காலை வைத்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார். "சண்ட போட்றாபா. நல்லாயிட்டா" என்றார். அத்தையும் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் நல்ல சிநேகமாக இருந்தோம், அவள் போகும்வரை.

மாத்திரைக்காகப் போகும்போதெல்லாம் நான் டாக்டரம்மாவைக் கேள்வி கேட்டே கொன்றிருக்கிறேன். கூட்டம் இல்லாத நேரமாகப் போய் உட்கார்ந்துகொள்வேன். அவரும் சலிக்காமல் சொல்வார். தலைக்குள் மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். மற்ற பல சுரப்பிகளை மேய்ப்பது அதுதானாம். குழந்தை மார்பில் வாய் வைத்ததும், சில நேரம் அழுகிற சத்தம் கேட்டதுமே, பால் இறங்கி ரவிக்கை நனைகிறதே, அந்த ஏற்பாடும் தலைக்குள் இருந்துதான் வருகிறதாம். சிறுநீரகத்தின் மேல் குல்லாய் போட்ட மாதிரி இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. பஸ் நம் மேல் ஏறுகிற மாதிரி வந்தால் நெஞ்சு படபடவென்று அடித்து, நாம் துள்ளிக் குதித்து ஒதுங்குவது அவற்றின் தயவு. வயிற்றுக்குள் கணையம் என்று ஒன்று இருக்கிறது. அது சுரக்கிற இன்சுலின் இல்லாவிட்டால் தின்ற சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடும், உடம்புக்குள் சேராது. இவ்வளவு பெரிய வேலைகளுக்கு அந்தச் சாறு எவ்வளவு தேவை என்று கேட்டால், குழம்புக்குப் போடுகிற உப்பில் ஒரு கல்கூட இருக்காது என்றார். உனக்குக் குரல் உடைந்து அரும்பு மீசை வந்தபோது, அப்பா எதைச் சொன்னாலும் எதிர்த்துக்கொண்டு கதவைச் சாத்துவாயே, அவர் கையை ஓங்கிக்கொண்டு வருவார். "விடுங்க, அது அவன் பேசல, சுரப்பி பேசுது" என்று அவரை எத்தனை முறை தடுத்திருக்கிறேன் தெரியுமா? உனக்கு விழாமல் போன அடிகளுக்கெல்லாம் நீ டாக்டரம்மாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒரு பெரிய குழப்பம் வந்தது. நான் சுறுசுறுப்பானவள், கலகலப்பானவள் என்று கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பெயர் வாங்கியவள். அதைப் பற்றி உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தச் சுறுசுறுப்பு ஒரு சிட்டிகைச் சாறுதான் என்றால் நான் என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? டாக்டரம்மாவிடமே கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அதற்கு என்னிடம் மருந்து இல்லை என்றார். நானே யோசித்து யோசித்து ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்தேன். மாத்திரையை நிறுத்தினால் நான் மறுபடியும் அந்த மந்தக்காரியாக ஆகிவிடுவேன். அந்த மந்தக்காரியை நினைத்துப் பார்க்கிறேன். நடக்க முடியாமல் நடந்து உனக்குத் தட்டைக் கழுவி எடுத்து வந்தவள் அவள். நீ தூங்கிவிட்டாய் என்று பார்த்து, பக்கத்திலேயே தட்டோடு உட்கார்ந்திருந்தவள். நான் இன்றைக்கு ஓடி ஓடிச் செய்கிற வேலையைவிட அவள் தவழ்ந்து செய்தது பெரிது. அவளை யாரிடமும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நான் தேறியபோது அப்பா ஒரு நாள், "நீ திரும்பி வந்துட்ட" என்றார். ஆசையாகத்தான் சொன்னார். "நான் எங்கியும் போவலியே, இங்கியேதான இருந்தேன்" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேற்று டாக்டரம்மாவைப் பார்த்தேன். கடிதத்தைப் படித்து வைத்தியம் சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் பிள்ளை பெற்ற பிறகு சில பெண்களுக்குக் கழுத்துச் சுரப்பி இப்படித் தடுமாறுவதைத் தன் அனுபவத்தில் பார்த்திருப்பதாகச் சொன்னார். சிலருக்கு அது தானாகவே சரியாகிவிடுமாம், சிலருக்கு மாத்திரை வேண்டியிருக்குமாம். இன்னொன்றும் சொன்னார். கர்ப்பம் முழுக்க உடம்பில் சில ஹார்மோன்கள் ஏகமாகப் பெருகி இருக்குமாம். பிள்ளை வெளியே வந்ததும் அவ்வளவும் நாலைந்து நாளில் சரசரவென்று இறங்கிவிடுமாம். அதனாலும் தூக்கமில்லாததாலும் சில பெண்களுக்கு மனசு துவண்டுபோகும், அதுவும் வைத்தியம் பார்க்க வேண்டியதுதான், சோம்பல் என்று தள்ளக் கூடாது என்றார். முடி கொட்டுவது பிள்ளை பெற்ற பலருக்கும் உள்ளதாம், அதற்குப் பயப்பட வேண்டாமாம். மெட்ராஸில் தனக்குத் தெரிந்த ஒரு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். ரத்தம் பார்த்துவிடலாம். அந்தச் சீட்டு என் கைப்பையில் இருக்கிறது.

ரத்தத்தில் ஒன்றும் இல்லை, சுரப்பியெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று வந்தாலும் வரலாம். அப்போது என்ன செய்வாய் என்பதுதான் நேற்றிலிருந்து எனக்கு யோசனை. 'பார்த்தாயா அம்மா, நான் சொன்னேன் இல்லையா' என்று பெட்டியை இறக்கிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மாத்திரை இருந்ததால் நான் பிழைத்தேன், உண்மை. ஆனால் மாத்திரை கிடைக்கும் முன்னால், எனக்கு என்ன வியாதி என்றே தெரியாத அந்த வியாழக்கிழமை சாயங்காலம், ஒரு அம்மாள் என் வாயிலிருந்து பதில் வரும் வரை காத்துக்கொண்டிருந்தாரே, அங்கேதான் எனக்கு உயிர் வந்தது. காத்திருப்பதற்கு ரத்தம் பார்த்த ரிசல்ட் வர வேண்டியதில்லை. கேள்வியை ஒரு முறை கேள், இரண்டாவது முறை கேட்காமல் உட்கார்ந்திரு. பால் பொங்கினால் நீ எழுந்து அடுப்பை அணை. ராத்திரி குழந்தை அழுதால் நீயும் தூக்கிக்கொள், பால் கொடுப்பது ஒன்றுதான் உன்னால் முடியாது. நீ கெட்டவன் இல்லை, சாரதி. களைத்துப்போயிருக்கிறாய். உன் அப்பாவும் அன்றைக்குக் களைத்துப்போய்த்தான் சரி என்று சொன்னார். அவரை நான் ஒரு நாளும் அதற்காகக் குறை சொன்னதில்லை, உன்னையும் சொல்ல மாட்டேன். இன்னும் நீ அனுப்பிவிடவில்லையே, அதனால்தான் இவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்து எழுத முடிகிறது.

நீ கூப்பிட்டபடியே நான் வருகிறேன், ஆனால் திருவள்ளூருக்கு வருவதற்காக இல்லை. நீயும் அவளும் டாக்டரிடம் போய்வரும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அதன் பிறகும் சரோஜாவுக்குத் தெம்பு வரும் வரை அங்கேயே இருக்கப் போகிறேன். அப்பா தானே சமைத்துக்கொள்கிறாராம். அந்தச் சமையலுக்கும் பெருமாளிடம் பேசிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். பஸ் நிற்கிற இடத்துக்கு நீ வர வேண்டாம், எனக்கு வழி தெரியும். உன் வீட்டுக் கதவை வந்து தட்டுவேன். நீ எழுந்து ஓடி வராதே. சரோஜா வந்து திறக்கட்டும். எவ்வளவு நேரமானாலும் வெளியே நிற்கிறேன்.

அம்மா